ஈரத்தரையில் நிற்பவர் சொல்வதைக் கேளுங்கள்

தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பத்திரிகையில் வைத்தியசாலைக் கரண்ட்டைப் பற்றி எதற்கு எழுதவேண்டும் என்று உறுப்பினர்களில் சிலர் கேட்கக்கூடும். அதற்கென்று சுகாதார ஊழியர் சங்கங்கள் இருக்கின்றன, நமக்குச் சம்பளப் பிரச்சினையே தலைக்கு மேல் கிடக்கிறது என்றும் சொல்லக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இது நம்முடைய பிரச்சினையும்தான் என்று நாங்கள் நினைப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, நோய் வந்தால் நாம் போவது அங்கேதான். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, மடுல்கலை, ரங்கலை என்று எந்தப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும், கஷ்டமான நோயாளி கடைசியில் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோதான் போய்ச் சேருகிறார். நம் குழந்தைகள் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குப் போகிறார்கள்.

இரண்டாவது, நம் பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். ஓ.எல்., ஏ.எல். எழுதிவிட்டுக் கொழுந்து மலைக்குப் போக விரும்பாத பிள்ளைகள் கண்டி நகருக்கு இறங்குகிறார்கள். அவர்களில் பலருக்குக் கிடைப்பது வைத்தியசாலைகளில் சுத்திகரிப்பு வேலை, காவல் வேலை, நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் வேலை, சலவை வேலை. பெரும்பாலும் ஒப்பந்தக் கம்பனி மூலமாகத்தான். அவர்களுக்குச் சங்கமும் இல்லை. விடுதிகளில் தரை துடைக்கும் பெண்ணின் அம்மா நம்முடைய சந்தா உறுப்பினர்.

மூன்றாவது, நம் தோட்டத்து டிஸ்பென்சரியும் பிள்ளைக் காம்பராவும் இருக்கின்றன. அங்கேயும் வயர் ஓடுகிறது, பிளக் இருக்கிறது, கேத்தல் கொதிக்கிறது. அவற்றைக் கடைசியாக யார் பரிசோதித்தார்கள் என்று கேட்டால், எத்தனை தோட்டங்களில் பதில் கிடைக்கும்?

கரண்ட் என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால்தான் மற்றதைப் பேசமுடியும். நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். மனிதனைக் கொல்வதற்கு அதில் மிகச் சிறிய பங்கு போதும். 7 வாட் பல்பு ஒன்று எரிவதற்கு எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு நெஞ்சு வழியாகப் போனாலே உயிருக்கு ஆபத்து. அதனால்தான் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடன் விழுகிற மாதிரிச் செய்யப்படுகிறது. ட்ரிப் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பிரேக்கர் வேறு. 16 ஆம்பியர் பிரேக்கர் விழுவதற்கு, ஆளைக் கொல்லும் அளவைப் போல 500 மடங்குக்கு மேல் கரண்ட் ஓடவேண்டும். அது காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்சும் எர்த் வயரும்தான். 'பிரேக்கர் இருக்கிறதே, பயப்படாதே' என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த தோல் கரண்ட்டை ஓரளவு தடுக்கும். நனைந்த தோல் தடுக்காது. வைத்தியசாலை என்பது எப்போதும் நனைந்திருக்கும் இடம். தரை கழுவுகிறார்கள், சேலைன் சிந்துகிறது, இரத்தம் சிந்துகிறது. நோயாளியின் நிலை இன்னும் மோசம். அவருடைய நெஞ்சில் ஈரப்பசையோடு கம்பிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன, நரம்பில் ஊசி ஏற்றப்பட்டிருக்கிறது. இதயம் வரைக்கும் குழாயோ கம்பியோ செலுத்தப்பட்ட நோயாளிக்கு மில்லி ஆம்பியர்கூடத் தேவையில்லை. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கசிந்தாலே ஆபத்து. நம் கைக்குத் தெரியாத கசிவு அவருடைய இதயத்தை நிறுத்திவிடலாம். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் தனி வகை மின் ஏற்பாடு வேண்டும் என்று சர்வதேசத் தரங்கள் சொல்வது இதனால்தான். அங்கே சாதாரண ட்ரிப் விழுந்தால் சுவாச இயந்திரமும் நின்றுவிடும். ஆகவே முதல் கசிவு ஏற்பட்டவுடன் கரண்ட்டை வெட்டாமல் எச்சரிக்கை மணியை மட்டும் அடிக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். மணி அடித்தால் வந்து பார்க்க ஆள் இருந்தால்தான் அந்த ஏற்பாட்டுக்குப் பொருள் உண்டு.

இன்னொன்று ஒட்சிசன். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம்தான். ஒட்சிசன் கசிந்து நிறைந்த அறையில் படுக்கைத் துணி, மெத்தை, திரைச்சீலை எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் பற்றிக்கொள்ளும். பிளக்கில் வரும் ஒரு சின்னப் பொறி, வீட்டில் சுவரைக் கருக்கிவிட்டு அணைந்துபோகும். அதே பொறி சிசுக்கள் இருக்கும் பிரிவில் என்ன செய்யும் என்பதை அயல் நாட்டில் பார்த்திருக்கிறோம்.

2021 ஜனவரி 9 அதிகாலை, மகாராஷ்டிர மாநிலம் பண்டாரா மாவட்ட அரசு வைத்தியசாலையில் பிறந்த குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் தீப்பிடித்தது. உள்ளே 17 குழந்தைகள் இருந்தார்கள். 7 பேரைத்தான் மீட்க முடிந்தது, 10 பேர் இறந்துபோனார்கள். 2024 நவம்பர் 15 இரவு உத்தரப் பிரதேசம் ஜான்சி மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையிலும் அதே மாதிரிப் பிரிவில் தீப்பிடித்து, அன்றிரவே 10 சிசுக்கள் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் மின்கோளாறே காரணம் என்று சொல்லப்பட்டது. அடுத்த மாதமே, 2024 டிசம்பர் 12 அன்று, தமிழ்நாட்டில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தீப்பிடித்தது. குழந்தை ஒன்று உட்படக் குறைந்தது 6 பேர் இறந்தார்கள். தப்பிப்பதற்காக லிஃப்டுக்குள் ஏறியவர்கள் அதற்குள்ளேயே புகையில் மயங்கிக் கிடந்தார்கள். தீ வந்தால் லிஃப்டில் ஏறக்கூடாது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நடக்கமுடியாத தாயைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மகனுக்கு வேறு வழியைக் காட்டியது யார்?

பண்டாராவில் விசாரணைக்குப் பிறகு உயர் அதிகாரிகள் பணி இடைநிறுத்தப்பட்டார்கள். ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்த தாதியர் வேலையிலிருந்தே நீக்கப்பட்டார்கள். நிரந்தர ஊழியருக்கு இடைநிறுத்தம், ஒப்பந்த ஊழியருக்கு வேலை நீக்கம். இந்த வித்தியாசத்தை நாங்கள் விளக்கவேண்டியதில்லை, தோட்டத்தில் கைக்காசுக்கு வேலை செய்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஏ.எம்.ஆர்.ஐ. வைத்தியசாலை எரிந்தபோது 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் எரிந்து சாகவில்லை, புகையில் மூச்சுத்திணறியே செத்தார்கள். வாகனங்கள் நிறுத்தவேண்டிய நிலவறையைக் களஞ்சியமாக்கி, எரியக்கூடிய பொருட்களை அங்கே குவித்து வைத்திருந்தார்கள். அந்தப் புகை மேல்மாடிகளுக்கு ஏறியது. விடியுமுன் புகையைக் கண்டு முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்துச் சேரி மக்கள். காவலாளிகள் அவர்களை உள்ளே விடவில்லை என்று அந்த மக்கள் சொன்னார்கள். பிறகு மூங்கிலும் கயிறும் கொண்டு நோயாளிகளை இறக்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள். கேரளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இரண்டு இளம் தாதியர் தங்கள் விடுதியிலிருந்த நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டு, இன்னொருவரையும் காப்பாற்றப் போய் உயிர்விட்டார்கள்.

ஆபத்தை முதலில் காண்பவர் யார் என்பதை இந்தச் சம்பவங்களில் பாருங்கள். அவர் பணிப்பாளரும் அல்ல, பொறியியலாளரும் அல்ல. இரவு வேலையில் இருக்கும் தாதி, தரை துடைப்பவர், காவலாளி, வெளியே இருக்கும் ஏழைச் சனம். அவர்கள் சொல்வதைக் கேட்க ஓர் ஏற்பாடு இருந்தால் உயிர்கள் தப்பும். இல்லாவிட்டால் விபத்துக்குப் பின் விசாரணைக் குழுதான் வரும்.

நம் பக்கத்திலும் இது நடக்கிறது. கண்டிக்கு அண்மையில் ஒரு வைத்தியசாலையில் ஒப்பந்தக் கம்பனிக்கு வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி எங்களிடம் படித்தவள். தரை கழுவும் மெஷினைப் பிடித்தால் கை சுருசுருவென்று இழுப்பதாக மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறாள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொள் என்றாராம். மறுபடியும் சொன்னபோது, வேலை செய்ய மனமில்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றாராம். அடுத்த வாரம் அவளுக்குக் கிடைத்த ஷிஃப்டுகள் பாதியாகக் குறைந்தன. அவளுடைய தாய் எங்களிடம் வந்து, 'சார், இனிமே வாயத் தொறக்கவேணாமுன்னு சொல்லிட்டேன், அந்தக் காசுலதான் சின்னவன் படிக்கிறான்' என்றார். அந்த மெஷின் இன்னும் ஓடுகிறது. அந்த ஈரத்தரையில்தான் நோயாளியும் நடக்கிறார். கை சுருசுருவென்று இழுப்பது எர்த் அறுந்ததன் முதல் அடையாளம். அந்த அடையாளத்தைச் சொன்னவளுக்குத் தண்டனை, மறைத்தவருக்குச் சம்பளம் என்றால் அந்த இடம் ஒரு நாள் எரியும்.

கரண்ட் இருப்பது ஆபத்து என்றால், கரண்ட் இல்லாமல் போவதும் ஆபத்துத்தான். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். அதே வாரத்தில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதில் நாடே இருண்டது. அந்த நேரத்தில் வைத்தியசாலைகளைத் தாங்கி நிற்பது ஜெனரேட்டர். பெரிய வைத்தியசாலைக்கு அது இருக்கும். நம் தோட்டத்து டிஸ்பென்சரியில், பிரசவ வலியோடு வந்தவளை ஆம்புலன்ஸ் வரும்வரை பார்த்துக்கொள்ளும் மருத்துவ மாதுவுக்கு என்ன இருக்கிறது? கைத்தொலைபேசி வெளிச்சம்தான். சித்திரை, ஐப்பசி மாதங்களில் மலையில் இடி விழும்போது, பழைய வயரிங் உள்ள கட்டடங்களில் கரண்ட் போவதும் திரும்பிவரும்போது பொருட்கள் கருகுவதும் நமக்குப் பழகிப்போன விஷயங்கள். பழகிப்போனதால் அவை ஆபத்தில்லை என்றாகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நம் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொருந்தும். ரோலருக்கும் பெல்ட்டுக்கும் தடுப்பு வேண்டும் என்று கேட்க அந்தச் சட்டம் நமக்குக் கை கொடுக்கிறது. தொழில் திணைக்களத்தின் பரிசோதனைப் பொறியியலாளர் தொழிற்சாலைக்குள் வரலாம். ஆனால் வைத்தியசாலை விடுதி தொழிற்சாலை அல்ல. நம் டிஸ்பென்சரியும் அல்ல, பிள்ளைக் காம்பராவும் அல்ல. கொழுந்து அரைபடும் இடத்துக்கு இருக்கும் பாதுகாப்புச் சட்டம், நோயாளி படுத்திருக்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு இல்லை. எல்லா வேலைத்தலங்களையும் உள்ளடக்கும் புதிய பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் தாபனம், பாதுகாப்பான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சங்கம் சேரும் உரிமைக்கு எந்த இடமோ இதற்கும் அந்த இடம்.

விபத்து நடந்துவிட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின்போது கரண்ட் அடித்துக் காயம் பட்டாலும் உயிர் போனாலும் நட்டஈடு கேட்கலாம். ஒப்பந்தக் கம்பனியின் தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு. ஒப்பந்தப் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. வீட்டில் சொல்லுங்கள்: சம்பளத் துண்டு, நியமனக் கடிதம், ஷிஃப்ட் பட்டியலின் படம் எதையும் எறிந்துவிடவேண்டாம். நாளைக்கு அவையே சாட்சி.

இதற்கு வரும் மறுப்புகளும் எங்களுக்குத் தெரியும். பணம் இல்லை என்பார்கள். நாடு பட்ட கடன் நமக்கும் தெரியும், வைத்தியசாலைகளின் கஷ்டமும் தெரியும். ஆனால் ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கப் பணம் தேவையில்லை. வெளியேறும் கதவுக்கு முன்னால் அடுக்கிவைத்த பழைய கட்டில்களை எடுக்கவும், ஒரே மல்டி பிளக்கில் நான்கு பொருட்களைக் குத்துவதை நிறுத்தவும் பணம் தேவையில்லை. பழுதான மெஷினில் 'பாவிக்கவேண்டாம்' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்ட ஒரு தாளும் பேனையும் போதும். பணம் தேவைப்படும் வேலைகளும் உண்டு. அவற்றுக்கு வரிசை போட்டு, எது முதலில் என்று ஊழியரோடு பேசி முடிவெடுக்கலாம்.

தொழிலாளர் இதைச் சாக்காக வைத்து வேலையைத் தட்டிக்கழிப்பார்கள் என்றும் சொல்வார்கள். அட்டையும் குளவியும் இருக்கும் மலையில் தினமும் ஏறுகிற சனத்தைப் பார்த்து இதைச் சொல்வது சரியா? குளவிக் கூடு கண்ட மலையில் கொழுந்து எடுக்கமாட்டோம் என்று நம் பெண்கள் சொன்னபோதும் இதைத்தான் சொன்னார்கள். சாக்குச் சொல்பவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: மின் தொழில்நுட்பவியலாளரை அழைத்து மெஷினைச் சோதித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இது படித்தவர்களின் வேலை, நமக்கென்ன தெரியும் என்று நம்மவர்களே சொல்வதும் உண்டு. எர்த் எப்படிப் போடவேண்டும் என்பது பொறியியலாளருக்குத்தான் தெரியும். கை இழுக்கிறது, பிளக் சூடாகிறது, வயர் கருகும் மணம் வருகிறது, பின்கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். இரண்டு அறிவும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. இன்றைக்கு முதலாவது அறிவுக்கு நாற்காலி இருக்கிறது, இரண்டாவது அறிவுக்கு வாய் திறக்க அனுமதியில்லை.

ஆகவே நம் சங்கம் எடுத்துவைக்கவேண்டியவை என்று நாங்கள் நினைப்பவை இவை.

ஒன்று: ஆபத்தைச் சொன்ன எந்தத் தொழிலாளியின் ஷிஃப்டும் குறையக்கூடாது, வேலையும் போகக்கூடாது. ஆபத்தான மெஷினைச் சோதித்து முடியும்வரை தொடமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். புதிய பாதுகாப்புச் சட்டம் வரும்போது இது எழுத்தில் இருக்கவேண்டும், ஒப்பந்தத் தொழிலாளரையும் பெயர் சொல்லிச் சேர்க்கவேண்டும்.

இரண்டு: வைத்தியசாலைகளின் பாதுகாப்புக் குழுக்களில் சிற்றூழியருக்கும் சுத்திகரிப்புத் தொழிலாளருக்கும் இடம் வேண்டும். இதற்காகக் கண்டியிலுள்ள சுகாதாரத் தொழிற்சங்கங்களோடு நாம் உட்கார்ந்து பேசவேண்டும்.

மூன்று: ஒவ்வொரு தோட்டத்திலும் டிஸ்பென்சரி, பிள்ளைக் காம்பரா இரண்டின் மின்வயரையும் தகுதியுள்ள மின் தொழில்நுட்பவியலாளர் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து, அறிக்கையின் பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுக்கவேண்டும். ட்ரிப் சுவிட்ச், எர்த், 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக், தீயணைப்புச் சிலிண்டர், கரண்ட் போனால் எரியும் அவசர விளக்கு, இவை இல்லாத டிஸ்பென்சரி இருக்கக்கூடாது.

நான்கு: பெரட்டுக் களத்திலும் பாடசாலையிலும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது பயிற்சி வேண்டும். கரண்ட் பிடித்தவரை வெறுங்கையால் தொடாதே, முதலில் மெயின் சுவிட்சை நிறுத்து, முடியாவிட்டால் காய்ந்த தடியால் தள்ளிவிடு, 1990க்கு அழைத்துவிடு, மூச்சில்லாவிட்டால் நெஞ்சை அமுக்கத் தொடங்கு. கரண்ட்டில் பிடித்த தீக்குத் தண்ணீர் ஊற்றாதே. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணித்தியாலம் போதும். நாங்கள் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் அன்று மாலையே லயத்தில் மெயின் சுவிட்ச் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். சில லயங்களில் அது பூட்டிய காம்பராவுக்குள் இருந்தது.

1000 ரூபாவுக்கும் 1700 ரூபாவுக்கும் நாம் ஆண்டுக்கணக்காகப் போராடினோம், இன்னும் போராடுவோம். அந்தச் சம்பளத்தை வாங்க ஆள் உயிரோடு வீட்டுக்கு வரவேண்டும் என்பதும் அதே போராட்டத்தின் பகுதிதான். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குத் தலைவர்மார் வரும்போது இரண்டு தகவல்களைக் கொண்டுவாருங்கள். உங்கள் டிஸ்பென்சரியில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்பது ஒன்று. உங்கள் தோட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் கண்டி வைத்தியசாலைகளில் ஒப்பந்த வேலை செய்கிறார்கள் என்பது மற்றது. அந்தப் பிள்ளைகளின் பெயர்களை வெளியில் சொல்லவேண்டாம், எண்ணிக்கை போதும். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாம் தொழில் திணைக்களத்தின் கதவைத் தட்டப்போகிறோம்.